சம்பா கோயில் சுவரும் ஒரு பேப்பர் கப்பும்

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் மனசு நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட் என்று எழுத ஆரம்பித்துவிடும். கல்யாண வீட்டில் மொய் நோட்டைப் பார்த்தால் ‘டோட்டல் டாலி ஆகுதா?’ என்று கை பரபரக்கும். அடியேன் முற்றிய கேஸ். முப்பத்து நாலு வயசாகியும் எனக்கு ஏன் பெண் கிடைக்கவில்லை என்பதற்கு அம்மா சொல்லும் பதினேழு காரணங்களில் இதுவும் ஒன்று.

இந்த வியாதியோடு நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடம், எங்கள் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கம்பெனி. நான் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட். எதிர் மேஜையில் கேஷியர். என் வயசுதான். பெயர் வேண்டாம், கேஷியர் என்றே வைத்துக்கொள்வோம். பத்து ரூபாய் குறைந்தால் என்னைத் தூங்கவிட மாட்டான். பத்து ரூபாய் அதிகமானால் அவனே தூங்க மாட்டான். அப்படி ஒரு நேர்மை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ராத்திரி அவன்தான் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு, வழுதாவூர் சாலை, ராஜீவ் காந்தி சிலை எல்லாம் தாண்டி, மிஷன் வீதியில் கொண்டுபோய் இறக்கினான்.

“இதான்டா எங்க சம்பா கோயில். பூசை முடியற வரைக்கும் வாயைத் திறக்காதே. கேக் கட்டாயம் உண்டு.”

“சம்பா கோயில்னா... அந்தக் காலத்துல இங்க சம்பா நெல் விளைஞ்சுதா?”

அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. சேசு சபைப் பாதிரிமார்கள் கட்டிய ‘சென் போல்’ கோயில், அதாவது புனித பவுல் கோயில். பிரெஞ்சு வாயிலிருந்து தமிழ் வாய்க்கு வருவதற்குள் ‘சம்பாவுலு’ ஆகி, ‘சம்பா’வில் வந்து நின்றுவிட்டது. அரிசிக்கும் அதற்கும் ஒரு பருக்கை சம்பந்தம்கூடக் கிடையாது. இன்றைக்கு அதன் முறையான பெயர் ஜென்மராக்கினி மாதா பேராலயம். புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில்.

பல வருஷம் கழித்து, டப்பா கம்பெனியை விட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்க ஆரம்பித்த பிறகு, ‘நம்ம ஊர்க் கோயிலைப் பற்றி ஒண்ணு எழுதலாமே’ என்று அந்த சம்பா கோயிலின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே தலை சுற்றியது. ஒரு அசெட்டை இத்தனை தடவை ரைட்-ஆஃப் பண்ணிய கணக்கை நான் பி.காம். பாடத்தில்கூடப் பார்த்ததில்லை!

பாருங்கள்: 1689-ல் சேசு சபைக்காரர்கள் புதுச்சேரி வருகிறார்கள். கோட்டைக்கு மேற்கே ஒரு பெரிய தோட்டம் கிடைக்கிறது. 1692-ல் பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயியின் பண உதவியில் முதல் கோயில். அடுத்த வருஷமே, 1693-ல், டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து அதை இடித்துவிட்டார்கள். இரண்டாவது கோயிலை அவசர அவசரமாகக் கட்டினார்கள். அவசர வேலை எப்படி இருக்கும்? நம்ம காண்ட்ராக்டர்கள் போடும் ரோடு மாதிரிதான். ரொம்ப நாள் தாங்கவில்லை. மூன்றாவது, 1728-ல் ஆரம்பித்து 1736 வரை நிதானமாகக் கட்டிய பெரிய கோயில். 1761-ல் இங்கிலீஷ்காரர்கள் முற்றுகை போட்டு ஜெயித்து, புதுச்சேரியையே தரைமட்டமாக்கினபோது அதுவும் போச்சு.

ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்ததும் 1765-ல் ஒரு கொட்டகை. அதில் பூசை. 1770-ல் பழைய இடிபாட்டின் மேலேயே நடு மண்டபம். அப்புறம் பக்கவாட்டுப் பகுதிகள், முகப்பு என்று இழுத்து இழுத்து, 1791 ஜூன் 20 அன்று அபிஷேகம் நடக்கிறது. நாம் இன்றைக்குப் பார்க்கிற கோயில் அதுதான்.

அந்தத் தேதியில் ஒரு வேடிக்கை. 1791 ஜூன் 20 ராத்திரிதான் பாரீஸில் புரட்சிக்காரர்களுக்குப் பயந்து, பதினான்காம் லூயியின் வம்சத்தில் வந்த பதினாறாம் லூயி மாறுவேஷத்தில் அரண்மனையை விட்டு ஓடினார். மறுநாள் வாரென் என்ற ஊரில் மாட்டிக்கொண்டார். முதல் கோயிலுக்குப் பணம் கொடுத்த ராஜ குடும்பம் அங்கே திவால். இங்கே நாலாவது கோயில் கிருகப்பிரவேசம்!

கட்டடத்தின் கணக்கு இவ்வளவுதான். ஆள் கணக்குதான் சுவாரஸ்யம்.

இந்தக் கோயிலோடு சம்பந்தப்பட்ட பாதிரியார்களை நான் பார்த்தவரை, யாரையும் முழு நல்லவர் பக்கத்திலும் எழுத முடியவில்லை, முழுக் கெட்டவர் பக்கத்திலும் எழுத முடியவில்லை. கேர்து என்று ஒருவர். சேசு சபைக்காரர். 1748-ல் இங்கிலீஷ்காரர்கள் முற்றுகை போட்ட சமயம், சம்பா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை கவர்னர் துய்ப்ளேக்ஸ் இடிக்கச் சொன்னார். அப்போது இந்தக் கேர்து பாதிரியாரே சுத்தியலும் கையுமாக வந்து நின்றார் என்று ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் வயிறு எரிந்து எழுதியிருக்கிறார். ஈஸ்வரன் பிற்பாடு வேறு தெருவில் குடியேறினார். அந்தத் தெருவுக்கே அவர் பெயர் இருக்கிறது.

அதே கேர்து, 1767-ல் பாரீஸில் இருந்த அறிஞர் சபைக்கு எழுதுகிறார்: சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் சொல்லிலும் இலக்கணத்திலும் பொதுவான உறவு தெரிகிறது, காரணம் என்ன என்று. வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் இதைச் சொல்லிப் பேர் வாங்கியது 1786-ல்தான். பத்தொன்பது வருஷம் முன்னால் புதுச்சேரிப் பாதிரியார் சொல்லிவிட்டார். ஆனால் பாரீஸ்காரர்கள் அதை ஃபைலில் போட்டுவிட்டு 1808-ல்தான் அச்சிட்டார்கள். அரசாங்க ஆபீஸ் எங்கேயும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. தூர தேசத்துப் பாஷைகள் சொந்தக்காரர்கள் என்று கண்டுபிடித்த மனுஷருக்கு, பக்கத்துக் கோயில்காரர்கள் சொந்தக்காரர்களாகத் தெரியவில்லை. என்ன சொல்ல?

கேர்துவுக்கு அப்புறமும் ஒரு சோதனை. 1773-ல் போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்துவிட்டார். 1776-ல் பாரீஸ் வெளிநாட்டு மிஷன் சபை வந்து பொறுப்பேற்றுக்கொண்டது. அந்த சபை 1792-ல் புதுச்சேரிக்கு அனுப்பிய ஆள்தான் துபுவா. இந்த ஊரிலிருந்து கிளம்பி, மைசூர்ப் பக்கம் போய், நம்ம ஊர் உடை உடுத்திக்கொண்டு, அம்மைத் தடுப்பு ஊசி போட வைத்து, ஜனங்களிடம் ‘தொட்ட சுவாமி’ என்று பேர் வாங்கினார். இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய அவருடைய புத்தகம் 1816-ல் இங்கிலீஷில் வந்து உலகப் பிரசித்தி. 1987-ல் சில்வியா முர் என்ற ஆராய்ச்சியாளர் நோண்டிப் பார்த்தால், அதில் பெரும்பகுதி கேர்து எழுதி வைத்த கைப்பிரதியிலிருந்து எடுத்தது! பக்கத்து சீட்டுக்காரன் தயாரித்த ஸ்டேட்மென்ட்டில் தன் கையெழுத்தைப் போட்டு மேனேஜரிடம் நீட்டும் ஆசாமிகள் நம் ஆபீஸில் மட்டும் இல்லை ஸார்.

நல்ல கிரெடிட்டும் உண்டு. முசே, துய்ப்புய் என்று இரண்டு பாதிரியார்கள். இந்த ஊர் மிஷன் அச்சகத்தில் தமிழ்-பிரெஞ்சு அகராதி ஒன்றை 1855-ல் முதல் பாகம், 1862-ல் இரண்டாம் பாகம் என்று போட்டார்கள். வந்த ஊரின் பாஷையை வார்த்தை வார்த்தையாக உட்கார்ந்து கோர்ப்பதற்குப் பெரிய பொறுமை வேண்டும். இதே துய்ப்புய், பெண் குழந்தைகள் படிக்க வேண்டும் என்று 1844-ல் கன்னியர் சபை ஒன்றையும் ஆரம்பித்தார்.

இந்த மாதிரி ஜாலியாக எழுதிக்கொண்டு வந்தேன். கட்டுரை முடிந்த மாதிரிதான். கடைசியாக ஒரு தடவை பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டும்போதுதான் 1745 அக்டோபரில் வந்து மாட்டிக்கொண்டேன்.

கோயிலுக்கு வெளியே இருந்து வந்தவர்கள் இடித்த கதைகளைச் சொன்னேன் இல்லையா? இது கோயிலுக்கு உள்ளேயே இருந்த ஒரு சுவரின் கதை.

அப்போது இருந்தது அந்த மூன்றாவது கோயில். உள்ளே வடக்குப் பக்கம் ஒரு சுவர். சுவருக்கு அந்தண்டை பறையர் கிறிஸ்தவர்கள். இந்தண்டை வெள்ளைக்காரர்கள், சட்டைக்காரர்கள், மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள். காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் இதைப் பார்க்கிறார். அந்தண்டைப் பக்கத்து ஜனங்கள் பெரிய பாதிரியாரிடம் போய், ‘நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர்?’ என்று நியாயம் கேட்கிறார்கள். சுவரை இடித்துவிடுகிறார்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பூசை.

உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்துவிடுமா? அன்றைக்குக் கம்பெனியின் தலைமைத் துபாஷி கனகராய முதலியார், பெரிய கிறிஸ்தவக் குடும்பம். அவர் உறவுக்காரப் பெண் ஒருத்தி மெல்லிய மஸ்லின் சேலை, நகை, வாசனைத் திரவியம் சகிதம் வந்து மண்டியிட்டாள். பாதிரியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கைத்தடியால் அவள் கொண்டையைக் குத்தி, கண்டபடி திட்டினார். சாதிக்காரர்களுக்கு ஏற்கெனவே சுவர் போன வயிற்றெரிச்சல். இதுவும் சேர்ந்துகொண்டது. ஒருத்தர் பாதிரியாரின் அங்கியையே பிடித்துச் சண்டைக்குப் போய்விட்டார். ‘இனிமேல் கோயிலுக்கே வர மாட்டோம்’ என்று கூட்டம் போட, விவகாரம் கவர்னர் துய்ப்ளேக்ஸ் வரைக்கும் போனது. பிள்ளை எழுதி வைத்திருக்கும் கதை இது.

ஒன்று கவனியுங்கள். டச்சுக்காரன் முழுக் கோயிலையும் இடித்தான். இங்கிலீஷ்காரன் ஊரையே இடித்தான். இரண்டு தடவையும் ‘சரி, மறுபடி கட்டுவோம்’ என்று எல்லோரும் சேர்ந்துதான் கட்டினார்கள். உள்ளே இருந்த ஒரே ஒரு சுவரை இடித்ததற்குத்தான் ‘கோயிலே வேண்டாம்’ என்று கிளம்பினார்கள்.

அதே 1745-ல் கனகராய முதலியார், இறந்துபோன தம் மகன் நினைவாக ஒரு கோயில் கட்டினார். ரெட்டியார்பாளையத்தில் இருக்கிற அந்திரேயா கோயில் அதுதான். எங்கள் தட்டாஞ்சாவடியைப் போல அதுவும் உழவர்கரை நகராட்சிதான். திறப்பு விழாவுக்கு ஊரையே கூப்பிட்டு விருந்து போட்டார். பந்தி மட்டும் அவரவர் சாதிக்குத் தக்கபடி தனித்தனி.

இது ஏதோ ஒரு ஊர்க் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலே கால்சட்டை மாதிரி இரண்டு கால் பிரித்துக் கட்டியது, ஒரு காலுக்கு ஒரு பிரிவு என்று. 1910-ல் கொசனேல் பாதிரியார் உள்ளே இருந்த தடுப்பை இடித்தார். உடனே கோர்ட் கேஸ். தடுப்பு கேட்டவர்கள் தோற்றார்கள். எறையூரில் 2008-ல் இதே மாதிரிப் பிரச்னை பெரிசாகி, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. 1745-க்கும் 2008-க்கும் நடுவே 263 வருஷம். இந்தக் கணக்கை மட்டும் கால்குலேட்டர் இல்லாமல் போட்டேன்.

‘சே, என்ன ஜனங்கப்பா!’ என்று உச்சுக்கொட்டி, ஒரு கோபமான கடைசிப் பாராவை எழுத ஆரம்பித்தேன். பேனா நகரவில்லை. எழுதவிடாமல் செய்தது ஒரு பேப்பர் கப்.

கேஷியரும் நானும் கம்பெனியில் சேர்ந்த மூன்றாவது மாசம் என்று ஞாபகம். இயர் எண்ட் வேலை. ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு பேரும் களைத்துப்போய், பக்கத்தில்தானே என்று எங்கள் வீட்டுக்கு வந்தோம். அம்மா அன்பாகத்தான் பேசினாள். ஊர், குடும்பம், தெரு என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். தெருப் பேரைச் சொன்னதும் ஒரு விநாடி நிறுத்தினாள். அப்புறம் உள்ளே போனாள். எனக்கு வழக்கமான எவர்சில்வர் டம்ளரில் காபி. அவனுக்கு, எப்போதோ பிறந்தநாளுக்கு வாங்கி மிச்சமிருந்த பேப்பர் கப்பில்.

நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். நான் பார்த்ததை அவன் பார்த்தான் என்பதையும் நான் பார்த்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘அம்மா, டம்ளர் இல்லையா?’ என்று மூன்றே மூன்று வார்த்தை. என்ன செய்தேன் தெரியுமா? கிரிக்கெட் பேசினேன்.

அவன் நிதானமாகக் குடித்தான். “காபி பிரமாதம்மா” என்றான். காலி கப்பைக் கீழே வைக்கவில்லை. கசக்கி, கையிலேயே வைத்துக்கொண்டு, போகும்போது தெருமுனைக் குப்பைத் தொட்டியில் தானே போட்டுவிட்டுப் பைக்கை எடுத்தான்.

அதற்கப்புறம் அவன் எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. வாசலில் நின்று ஹாரன் அடிப்பான். ‘உள்ள வாடா’ என்பேன். ‘டைம் ஆச்சுடா’ என்பான். நானும் நம்பின மாதிரி நடித்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, கூட்டத்தில் தனக்குக் கிடைத்த நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். கேக்கும் கொடுத்தான். நல்ல தட்டில்.

அந்தச் சுவரைக் கட்டினவர்களை நான் என்ன திட்டுவது? அவர்களாவது செங்கல், சுண்ணாம்பு என்று செலவு செய்து கட்டினார்கள். எங்கள் வீட்டுச் சுவர் ஐம்பது பைசா பேப்பரில் முடிந்துவிட்டது. கட்டியது அம்மா. இத்தனை வருஷமாக அதற்குக் காவல் இருந்தது நான்.

போன் போட்டேன். அவன் இப்போது வேறு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் மேனேஜர்.

“என்னடா, ஜி.எஸ்.டி. சந்தேகமா?”

“இல்லடா. சம்பா கோயில் பத்தி எழுதறேன். அங்க உள்ள ஒரு சுவர் இருந்துதாம், தெரியுமா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “எங்க ஆயா சொல்லும்டா. அது எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஓரமாத்தான் உக்காரும். முன்னாடி வா ஆயான்னா, ‘இங்கயே நல்லாத்தான் தெரியுது’ன்னும். சுவர் இல்லேன்னாலும் அதுக்குச் சுவர் தெரியும்.”

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டுக்கு வாடா.”

“காபி உண்டா?”

“உண்டு.”

“எதுல?” என்றான்.

இத்தனை வருஷமும் ஒரு பைசா குறையாமல் அந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்திருக்கிறான். கேஷியர் இல்லையா! நான் “மன்னிச்சுக்கடா” என்றேன். அவன், “விடு. நீ அன்னிக்கு ஸ்கோர் தப்பா சொன்னே, அதுதான் ரொம்பக் கடுப்பாச்சு” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவிடம் அன்று ராத்திரியே சொன்னேன். “நான் என்னடா அந்தப் பிள்ளைக்குக் கெடுதலா பண்ணேன்? காபி குடுக்கலையா?” என்றாள். பிறகு சாப்பிடவில்லை. கோபமா, வருத்தமா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். காபியை நான் போட்டேன். சர்க்கரை இரண்டு மடங்கு விழுந்துவிட்டது. மூன்று எவர்சில்வர் டம்ளர். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, “அம்மா, இனிமே இவனை அடுப்படிப் பக்கம் விடாதீங்க” என்றான். அம்மா சிரித்துவிட்டாள். “வாப்பா, இட்லி சாப்பிட்டுப் போகலாம்” என்றாள். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுத்து அல்ல.

அவன் போன பிறகு, அம்மா டம்ளர்களைக் கழுவினாள். கூடம் ஓரமாக நின்று திருடன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். மேடை மேல் எங்கள் இரண்டு டம்ளரையும் கவிழ்த்தாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விநாடி நின்றாள். அப்புறம் அதே வரிசையில்தான் கவிழ்த்தாள். இரண்டு விரற்கடை மட்டும் தள்ளி.

நான் போய் அதை நகர்த்தி, மற்ற இரண்டோடும் ஒட்டி வைத்தேன். டங் என்று ஒரு சத்தம் வந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கு இன்னும் முழுசாக டாலி ஆகவில்லை. ஆனால் லெட்ஜரை நான் மூடி வைக்கவில்லை.